கல் கொக்கின் காலடி

முன்னொரு காலத்தில், நண்டுக்கு வாய் இருந்த காலத்தில், தண்பொழில் என்றொரு நாடு இருந்தது. தாம்பாளம் போலத் தட்டையான நாடு. கிழக்கே ஓர் ஓடை, மேற்கே ஓர் ஏரி, தெற்கே கோரை மண்டிய ஒரு சதுப்பு, வடக்கே கடல். நான்குக்கும் நடுவில் அரசர் மருதமாறனின் அரண்மனை.

அந்த நாட்டில் மழை நின்று ஐந்து மாதம் ஆனாலும் ஓடை ஓடும், ஏரி தளும்பும், சதுப்பில் கால் வைத்தால் கணுக்கால் நனையும். எப்படி என்று எவரும் கேட்டதில்லை. கிணறு தோண்டும் வழக்கமும் இல்லை. கண்ணெதிரே நீர் இருக்கையில் காலடியில் யார் தேடுவார்? அவர்களுக்கு வேறு வேலை இருந்தது. ஓடைக்காரர் ஏரிக்காரரைச் சந்தேகிப்பார்கள், ஏரிக்காரர் சதுப்புக்காரரைச் சந்தேகிப்பார்கள், சதுப்புக்காரர் இருவரையுமே சந்தேகிப்பார்கள். ஒரு குடம் நீர் குறைந்தாலும், "யார் கண்டது?" என்பார்கள். அந்த இரண்டு சொற்களுக்கு ஓர் ஊரையே திருடனாக்கும் வல்லமை இருந்தது.

சிலம்பாயி சதுப்பில் பிறந்தவள், ஏரிக்கரையில் வாழ்க்கைப்பட்டவள், ஓடையோரம் வாத்து மேய்ப்பவள். மூன்று கரையிலும் அவளுக்குப் பழக்கம் உண்டு. ஆகவே மூன்று கரையிலும் அவள்மேல் சந்தேகம் உண்டு.

"நூறு வாத்து. ஒவ்வொண்ணும் இறகுல எவ்வளவு தண்ணி கொண்டு போகும்னு கணக்குப் போட்டுப் பாரு," என்று ஏரிக்கரைப் பெண்கள் அவள் காதுபடவே பேசுவார்கள்.

"கணக்குப் போட்டு முடிச்சதும் சொல்லுங்கக்கா. ஒவ்வொண்ணா பிழிஞ்சு கொடுத்துட்டுப் போறேன்," என்பாள் சிலம்பாயி.

அவள் கணவர் வயிரவன் ஏரியின் மடைக்காவலர். மதகைத் திறப்பதும் மூடுவதும் அவர் பொறுப்பு. அதிகம் பேசாதவர். மாலையில் அவள் வீடு திரும்பியதும் ஒரே கேள்வி கேட்பார்: "எல்லாம் அடைஞ்சுதா?" நூறு வாத்தும் பட்டிக்குள் வந்து சேர்ந்தனவா என்று பொருள். "அடைஞ்சுது," என்பாள் அவள். அவர்கள் பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான். இருவருக்கும் அது போதுமானதாக இருந்தது.

இப்படி இருக்கையில் நீலகபாடன் என்னும் மந்திரவாதி ஒருவன் அரண்மனைக்கு வந்தான். முற்றத்துக் கல்மேடைமேல் தன் செம்பைச் சாய்த்து வைத்தான். நீர் கொட்டியது. ஒரு நாள் கொட்டியது, ஒரு வாரம் கொட்டியது, ஒரு மாதம் கொட்டியது. செம்பு வற்றவில்லை. அந்தப்புரக் குளம் நிறைந்தது, பூந்தோட்டம் நிறைந்தது, மிஞ்சிய நீர் கல்வாய்க்கால் வழியே வடக்கே ஓடிக் கடலில் விழுந்தது.

"இந்த நீர் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டார் அரசர்.

"இல்லாத இடத்திலிருந்து வருகிறது, அரசே. ஆகையால் இருக்கிற இடத்தில் யாருக்கும் குறையாது."

மருதமாறன் எளிதில் நம்புகிறவர் அல்லர். அவர் குடிக்கும் நீரைச் சுவைத்துப் பார்க்க மூன்று பேர் இருந்தார்கள். அந்த மூவரைக் கண்காணிக்க வேறு மூவர் இருந்தார்கள். சுவைத்த மூவரும் நீர் நன்று என்றார்கள். கண்காணித்த மூவரும் சுவைத்தவர்கள் உண்மையே சொன்னார்கள் என்றார்கள். அதன்பிறகுதான் அரசர் குடித்தார்.

அந்த மாதமே ஓடை இளைத்தது. அடுத்த மாதம் ஏரி இறங்கியது. மூன்றாம் மாதம் சதுப்பில் கோரையின் நுனி மஞ்சளித்தது.

"யார் கண்டது?" என்றது நாடு.

மதகுக்கு அரக்கு முத்திரை வைத்தார்கள். ஏரியைச் சுற்றிக் காவல் நிறுத்தினார்கள். காவலர்களைக் காக்க வேறு காவலர்களை நிறுத்தினார்கள். முத்திரை உடையவில்லை. மடைக்காவலரைத் தவிரக் காவலைத் தாண்டி ஒரு தவளைகூடப் போகவில்லை. ஆனாலும் மதகருகே நட்டிருந்த அளவுகல்லில் நீர் நாளுக்கொரு விரல் இறங்கியது.

"திருடன் உள்ளேயே இருக்கிறான், அரசே. பிடித்துக் கொடுங்கள். தண்டனையை நான் பார்த்துக்கொள்கிறேன்," என்றான் நீலகபாடன்.

முதலில் ஓடைக்காரர்களின் தலைவர் பெரியண்ணனைப் பிடித்தார்கள். நீலகபாடன் செம்பு நீரை ஒரு கை அள்ளித் தெளித்தான். பெரியண்ணன் நின்ற மணலில் ஒரு கல் கொக்கு நின்றது. "தானாக ஊறிவரும் நீர் காலை நனைத்தால்தான் இந்தக் கல் அசையும். ஊற்றும் நீருக்கு அசையாது," என்று சொல்லிச் சிரித்தான் அவன். பெரியண்ணனின் மகன்கள் இருவரும் நம்பாமல் நாற்பது குடம் ஊற்றிப் பார்த்தார்கள். கொக்கு நனைந்தது, அசையவில்லை.

அடுத்ததாக வயிரவனைப் பிடித்தார்கள்.

ஏரிக்காரர்களிடையே நீர்ச்சத்தியம் என்றொரு வழக்கம் இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவரின் வீட்டார் ஒருவர் முழங்கைவரை ஏரியில் கையை விட்டு, 'இவர் கை களங்கமற்றது' என்று சொன்னால், எவராயினும் அவரை விட்டுவிட வேண்டும். ஆனால் கேட்டவுடன் சொல்ல வேண்டும். யோசித்துச் சொன்ன சத்தியம் செல்லாது.

சிலம்பாயி கையை நீரில் விட்டாள். வாயைத் திறந்தாள். அன்று விடியற்காலையில் கண்டது அவள் நினைவில் குறுக்கிட்டது. வயிரவன் இடுப்புவரை நனைந்த வேட்டியுடன், கையெல்லாம் சேறாக, வீட்டுக்குள் வந்திருந்தார். "எங்க போயிட்டு வர்றீங்க?" என்று அவள் கேட்டதற்கு, "சும்மாதான்," என்றிருந்தார். அவர் ஏன் சும்மா நனைய வேண்டும்?

இரண்டு மூச்சு நேரம்தான் அவள் தயங்கினாள். வயிரவன் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும்.

"செல்லாது," என்றான் நீலகபாடன். ஒரு கை செம்பு நீர் தெறித்தது. மதகின் உட்புறம், நீர் பின்வாங்கிப்போன சேற்றில், இரண்டாவது கல் கொக்கு நின்றது.

கூட்டம் கலைந்தபின் சிலம்பாயி மதகினுள் இறங்கிப் பார்த்தாள். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே இருந்த ஒவ்வொரு விரிசலிலும் களிமண்ணும் வைக்கோலும் பிசைந்து அடைக்கப்பட்டிருந்தன. களிமண்ணில் வயிரவனின் விரல் தடங்கள் இன்னும் ஈரம் காயாமல் இருந்தன. மதகுதான் கசிகிறதோ என்று அவர் சந்தேகப்பட்டிருக்கிறார். கசிந்தால் தம்மேல்தான் பழி வரும் என்று யாருக்கும் சொல்லாமல் அடைத்திருக்கிறார். அவர் மதகைச் சந்தேகித்தார். அவள் அவரைச் சந்தேகித்தாள்.

மறுநாள் முரசு அறைந்தார்கள். மூன்று கரையிலும் கால் வைத்திருக்கும் வாத்துக்காரியே மூன்றாவது திருடி. மூன்று நாளில் அவள் உண்மையைச் சொல்ல வேண்டும். தவறினால் சதுப்பில் மூன்றாவது கொக்கு நிற்கும்.

முதல் நாள் அவள் சதுப்பில் உட்கார்ந்திருந்தாள். தப்பி ஓட அவள் நினைக்கவில்லை. அவள் போய்விட்டால் வயிரவனின் காலடிக்கு நீர் வருகிறதா என்று பார்க்க யார் இருக்கிறார்கள்? அப்போது மொண்டி வாத்து ஒன்று வளையிலிருந்து ஒரு கிழட்டு நண்டைக் கவ்வி வெளியே இழுத்தது. பழக்க தோஷத்தில் அதன் அலகைப் பிரித்து நண்டை விடுவித்தாள்.

"ஏன் காப்பாத்துன?" என்றது நண்டு.

"நண்டு பேசுமா?"

"பேச்சை மாத்தாத. வாத்தும் உன்னுது, காப்பாத்துனதும் நீ. ரெண்டு பேரும் சேர்ந்து நாடகம் ஆடுறீங்களா?"

"என் வாத்துக்கு அவ்வளவு அறிவு இருந்தா நான் ஏன் இங்க உக்காந்திருக்கேன்?"

நண்டு மொண்டி வாத்தை மேலும் கீழும் பார்த்தது. "அதுவும் சரிதான்," என்றது. "ஆனா ஒண்ணு சொல்லு. நீதான் என் வீட்டுத் தண்ணிய எடுக்கறியா?"

"உன் வீட்லயும் தண்ணி போகுதா?"

"போகுதாவா? இந்த வருசத்துல மூணு தரம் வீட்டை ஆழப்படுத்தியாச்சு. அடியறையில தண்ணி நிக்கலேன்னா எங்களால மூச்சு விட முடியாது. போன வருசம் அரை முழம் தோண்டினா தண்ணி. இப்ப ரெண்டு முழம். எவனோ தரைக்கு அடியில இருந்து உருவுறான்."

"தரைக்கு அடியில ஏது தண்ணி?"

நண்டு தன் இரண்டு கண்களையும் அவள் பக்கம் உயர்த்தியது. "பின்ன, மழையில்லாத மாசத்துல ஓடைக்கு யார் தண்ணி கொடுக்கறது? உங்க அரசரா? மேல நிக்கிற நீங்க தண்ணிக்கு மூணு பேரு வச்சு கூப்பிடுறீங்க. கீழ இருக்கிற எங்களுக்கு அது ஒரே தண்ணி. மண்ணுக்குள்ள பரவி நிக்குது. மண்ணு பள்ளமான இடத்துல எட்டிப் பாக்குது. அதைத்தான் நீங்க ஏரிங்கிறீங்க. சரிஞ்ச இடத்துல நழுவிப் போகுது. அதை ஓடைங்கிறீங்க. எட்டிப் பாக்கவும் முடியாம, உள்ள போகவும் மனசில்லாம நிக்கிற இடம் இந்தச் சதுப்பு."

"அப்ப உருவுறது யாரு?"

"நானா கண்டேன்? என் வாசல் மேல, என் அறை கீழ. பக்கத்து வளையைக்கூட நான் நம்பறதில்ல. அரண்மனைப் பக்கம் கட்டிக் கொடுத்த என் அக்கா மகதான் என்னைவிட ஆழமா தோண்டறாளாம். யார் கண்டது?"

சொல்லிவிட்டு நண்டு வளைக்குள் இறங்கியது. நன்றி சொல்லவில்லை.

சிலம்பாயி அந்த வளையின் அருகே குனிந்தாள். அரைகுறையாகச் சந்தேகப்பட்டதால்தான் கணவரை இழந்தாள். சந்தேகப்படுவதென்றால் முழுதாகச் சந்தேகப்பட வேண்டும். கண்டதைவிடக் காணாததைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். காய்ந்த நாணல் தட்டைகளை ஒரு கட்டு வெட்டினாள். ஒரு தட்டையை வளைக்குள் விட்டாள். நுனி நனைந்ததும் தரை மட்டத்தில் ஒடித்து வெளியே எடுத்தாள். நனைந்த நுனியைக் கிள்ளிவிட்டு, காய்ந்த மீதியை வளையின் அருகே நட்டாள். நீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அவ்வளவு உயரத்துக்கு நாணல் நின்றது.

சதுப்பின் நடுவே இரண்டு முழம். வழியில் கண்ட வளைகளில் எல்லாம் நாணல் விட்டுக்கொண்டே அரண்மனையை நோக்கி நடந்தாள். சதுப்பின் விளிம்பில் இரண்டரை. வயல்வெளியில் மூன்றரை. மதிலோரத்தில் ஐந்து. தன் கையையே சந்தேகித்து மூன்று முறை அளந்தாள். மூன்று முறையும் அதே அளவு. இரண்டாம் நாள் ஓடையிலிருந்து அரண்மனைவரை அளந்தாள், பிறகு ஏரியிலிருந்து அரண்மனைவரை அளந்தாள். எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அரண்மனையை நெருங்க நெருங்க நாணல் உயர்ந்தது. மேலே தாம்பாளம் போலத் தட்டையான நாடு, கீழே நடுவில் குழிந்த கிண்ணமாகியிருந்தது.

கிண்ணத்தின் அடி எங்கே இருக்கிறதென்று அவளுக்குப் புரிந்தது. அதை அரசருக்குப் புரியவைக்க ஒரு குழி வேண்டும். பெரியண்ணனின் மகன்களிடம் போனாள்.

"மதிலோரம் ஒரு ஊற்றுக்குழி தோண்டணும், தம்பி. அஞ்சு முழம்."

"எதுக்கு? உன்னைப் புதைக்கவா?" என்றான் மூத்தவன்.

"உங்க அப்பாவை எழுப்ப. அது நடக்கலேன்னா நீ சொன்னதுக்கும் ஆகும்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மண்வெட்டியை எடுத்தார்கள்.

மூன்றாம் நாள் காலையில் அரசரே மதிலோரம் வந்தார். பின்னால் நீலகபாடன். அரசர் முகம் கறுத்திருந்தது.

"இன்று செம்பு நீர் கரிக்கிறது. சுவைத்த மூவரும் சொல்கிறார்கள். நஞ்சு கலந்தது நீயா?"

சிலம்பாயி குழிக்குள் நின்றிருந்தாள். அவள் பாதத்தின் கீழ் ஈர மண் இருந்தது. நீர் அதற்கும் ஒரு விரல் கீழே இருந்தது.

"செம்பு இருக்கிற பக்கமே நான் வந்ததில்லைங்க, அரசே. ஆனா உப்பு எப்படி வந்துதுன்னு காட்ட முடியும். நீங்க என்னை நம்ப வேண்டாம். எல்லாரையும் சந்தேகப்படறீங்க, அந்தச் செம்பையும் ஒருதரம் சந்தேகப்பட்டுப் பாருங்க. அதுதான் நான் கேக்கறது."

அரசரின் மனத்துக்கு இவ்வளவு இசைவான வேண்டுகோளை அதுவரை எவரும் வைத்ததில்லை. அவர் குழியோரம் அமர்ந்தார். அவள் மூன்று திசையிலும் நின்ற நாணல் வரிசைகளைக் காட்டி, அளந்த விதத்தைச் சொன்னாள். ஓடையிலிருந்து ஏறிவரும் வரிசை, ஏரியிலிருந்து ஏறிவரும் வரிசை, சதுப்பிலிருந்து ஏறிவரும் வரிசை. மூன்றும் வந்து உச்சம் தொட்ட இடம் அரண்மனை மதில்.

"நண்டு தன் விருப்பம்போல் தோண்டும், அரசே," என்றான் நீலகபாடன். "நண்டு சொல்லும் சாட்சி எந்த அவையில் ஏறும்?"

"தோண்டறது நண்டு இஷ்டம். தண்ணி எங்க நிக்கணுங்கிறது நண்டு இஷ்டம் இல்ல," என்றாள் சிலம்பாயி. "சரி, நண்டை விடுங்க. செம்பை நிமித்தி வைக்கச் சொல்லுங்க. ஒரு நாழிகை போதும்."

அரசர் கையசைத்தார். முற்றத்தில் செம்பை நிமிர்த்தினார்கள். அதற்கு அடையாளமாக முரசு ஒருமுறை ஒலித்தது. குழியின் அடியில் மண் கறுத்தது, பளபளத்தது, ஒரு விரல் நீர் நின்றது. செம்பைச் சாய்த்தார்கள், முரசு ஒலித்தது. நீர் மண்ணுக்குள் இறங்கி மறைந்தது. மீண்டும் நிமிர்த்தினார்கள், முரசு ஒலித்தது. நீர் நாற்புறமிருந்தும் ஊறி வந்து சிலம்பாயியின் பாதங்களை மூடியது.

"இல்லாத இடத்திலிருந்து வரும் நீர் என்றாயே," என்றார் அரசர், திரும்பாமலே.

"இருந்த இடத்திலிருந்துதான் எடுத்திருக்கான்," என்றாள் சிலம்பாயி. "நல்ல தண்ணியை உருவி உருவிக் கடல்ல விட்டான். காலியான இடத்துல கடல் உள்ள வருது. அந்த உப்பைத்தான் இன்னைக்கு உங்க ஆளுங்க சுவைச்சாங்க."

நீலகபாடனின் புன்னகை மறைந்தது. "இன்னும் ஒரு மாதம் பொறுத்திருந்தால் மூன்றும் வற்றியிருக்கும். தாகம் எடுத்தவன் எவனும் என் செம்பின் வாய்க்கல்லவா வந்திருப்பான், அரசனும் சேர்த்து," என்றான். இடுப்பில் கட்டியிருந்த குடுவையை அவிழ்த்து, அதிலிருந்த செம்பு நீர் முழுவதையும் அவள்மேல் வீசினான்.

நீர் அவள் தலையில் விழுந்தது, தோளில் வழிந்தது, பாதத்தில் நின்ற ஊற்று நீரைத் தொட்டது. அவ்வளவுதான். தானாக ஊறிவந்த நீரில் கால் நனைந்திருந்தவளிடம் அந்த மந்திரத்துக்கு வேலையில்லை. ஏவியவனிடமே அது திரும்பிப் போயிற்று. அவன் காய்ந்த கல்தளத்தின்மேல் நின்றிருந்தான். நின்றபடியே கல் கொக்கானான். அந்தக் கல்தளத்துக்கு எந்த நாளிலும் நீர் ஏறப்போவதில்லை.

செம்பைத் தூக்கிப் பார்த்தார்கள். அதற்கு அடியே இல்லை. காதை வைத்தால் மண்ணுக்குள் வெகுதூரத்தில் நீர் ஊறும் ஓசை கேட்டது. உடைக்கலாம் என்றார் அமைச்சர். உடைத்தால் என்னாகும் என்று யார் கண்டது என்றார் அரசர். சிலம்பாயி களிமண்ணும் வைக்கோலும் கேட்டு வாங்கினாள். மதகின் விரிசல்களில் கண்ட அதே பதத்தில் பிசைந்து, செம்பின் வாய்வரை திணித்து அடைத்தாள்.

ஆனால் ஓடையிலும் ஏரியிலும் கல் கொக்குகள் அன்று அசையவில்லை. மறுநாளும் அசையவில்லை. ஓடிப்போன நீர் நடந்துதான் திரும்பும். மழை வந்தது, பெய்த மழையெல்லாம் மண்ணுக்குள் போயிற்று, ஏரியில் ஒரு கை நீர் கூடவில்லை. "இவ்வளவு மழையும் எங்கே போயிற்று? யார் கண்டது?" என்று மீண்டும் முணுமுணுத்தார்கள். சிலம்பாயி நாள்தோறும் நாணலை நட்டாள். நாணல் நாளுக்கு நாள் குட்டையாயிற்று.

முதலில் சதுப்பில் கோரை பச்சை பிடித்தது. பிறகு ஓடை மணல் கசிந்தது. பெரியண்ணனின் கல் கால்கள் நனைந்தன. அவர் எழுந்ததும் மூன்று முறை தும்மினார். "எந்தப் பய என் தலையில நாப்பது குடம் ஊத்துனது?" என்றார். மகன்கள் இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள்.

அரசர் அவளை வரவழைத்து மூன்று நீருக்கும் ஒரே காவலாக நியமித்தார். வளையில் நாணல் விட்டுப் பார்க்காமல் இனி எவர்மேலும் நீர்க்குற்றம் சாட்டக்கூடாது என்று கல்லில் வெட்டுவித்தார். நண்டுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு ஆள் அனுப்பினார். "எதுக்குக் கேக்கறாங்க?" என்று சந்தேகப்பட்டு நண்டு வெளியே வரவில்லை.

ஏரிதான் கடைசியில் வந்தது. மாலைதோறும் சிலம்பாயி வாத்துகளை ஓட்டிக்கொண்டு மதகுக்கு வந்து, கல் கொக்கின் அருகே சேற்றில் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் சேறு கறுத்தது. மறுநாள் பளபளத்தது. மூன்றாம் நாள் மாலை, சிறு சிறு குமிழிகளாக நீர் அடியிலிருந்து ஊறி வந்தது. அவள் அந்தச் சேற்றுநீருக்குள் முழங்கைவரை கையை விட்டாள்.

"இவர் கை களங்கமற்றது," என்றாள்.

அவளை யாரும் கேட்கவில்லை. அவளும் யோசிக்கவில்லை.

நீர் கல் விரல்களைச் சுற்றிக்கொண்டது. கல் விரல் நெகிழ்ந்தது, கல் இறகு உதிர்ந்தது, வயிரவன் இடுப்புவரை நனைந்த வேட்டியுடன் நின்றார். அவளைப் பார்த்தார். மதகைப் பார்த்தார். கரையில் நின்ற வாத்துகளைப் பார்த்தார்.

"எல்லாம் அடைஞ்சுதா?" என்றார்.

"இப்பதான் அடைஞ்சுது," என்றாள் சிலம்பாயி.

ஓடை ஓடியது, ஏரி தளும்பியது, சதுப்பில் கணுக்கால் நனைந்தது. இது நடந்த கதைதானா என்று சந்தேகம் உள்ளவர்கள், பக்கத்தில் எங்காவது நண்டு வளை இருந்தால் ஒரு நாணலை விட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.